கார் ஏசி கூலிங் வரவில்லையா? எப்போது வரவில்லை என்று பாருங்கள்

ஏசியில் குளிர் குறைந்தால் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஸ் கம்மியா இருக்கும் சார், அடிச்சுரலாம்" என்பதுதான். கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையாமலேயே குளிர் போவதற்கும் காரணங்கள் நிறைய உண்டு. எந்த நேரத்தில், எந்த ஓட்டத்தில் குளிர் போகிறது என்று கவனித்தால் கோளாறு எந்தப் பாகத்தில் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இதற்கு அடிப்படை கொஞ்சம் தெரிய வேண்டும். நம் சாலைகளில் ஓடும் கார்களின் ஏசியில் பெரும்பாலும் இருக்கும் கேஸ் ஆர்134ஏ. திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் இது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐ வாக்கில் வைத்தால், ஏறக்குறைய 1 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை கேபின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து, 200 பிஎஸ்ஐக்கு அழுத்தி, கிரில்லுக்குப் பின்னால் நிற்கும் கண்டென்ஸருக்குத் தள்ளும். அங்கே 55 டிகிரியை ஒட்டி அது மறுபடி திரவமாகும். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும் கண்டென்ஸர் அதைவிடச் சூடாக இருப்பதால்தான் வெப்பம் வெளியேற முடிகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வ் அழுத்தத்தை இறக்கி, திரவத்தைக் காயிலுக்குள் விடும்.

பைபாஸில் ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் அனல் வந்தால் முதலில் கண்டென்ஸர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்ஸரை ஆற்றிவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொல்லி, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். பல கார்களில் இரண்டு வேகம் உண்டு. குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் மட்டும் எரிந்து போவது சகஜம். ஃபேன் நன்றாகச் சுற்றியும் இதே கதை என்றால், கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்திருக்கும் தூசி, பூச்சி, பிளாஸ்டிக் உறையைத் தேடுங்கள். தண்ணீரை மிதமான வேகத்தில் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினிய ஃபின்கள் மடங்கி, காற்றுப் பாதை நிரந்தரமாக அடைபடும். இந்த நிலையில் கேஸை மட்டும் அடித்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

கிளம்பும்போது நன்றாக இருந்து, அரை மணி, முக்கால் மணி கழித்துக் குளிர் போவது இன்னொரு வகை. கடைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கவனிக்க வேண்டியது வென்ட்டில் வரும் காற்றின் அளவு.

காற்றே குறைந்து, புளோயர் சத்தம் மட்டும் அப்படியே இருந்தால், கூலிங் காயிலில் ஐஸ் பிடித்திருக்கிறது. ஏசி பட்டனை மட்டும் அணைத்து, புளோயரை ஓடவிட்டுப் பத்து நிமிடம் போனால் காற்று திரும்பி வரும். வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும். காயில் உறைநிலையைத் தொடும் முன்பே கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய தெர்மிஸ்டர் கெட்டிருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம். அதற்கு முன் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்தாலும் காயில் உறையும். மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

காற்று பலமாகவே வந்து குளிர் மட்டும் போனால் காரணம் இரண்டு. ஒன்று, குழாய்க்குள் ஈரம். ஒரு துளி நீர் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் உறைந்து அடைத்துவிடும். வண்டியை நிறுத்தினால் உருகும், மறுபடி ஓடினால் உறையும். பிரஷர் கேஜ் மாட்டியிருந்தால் அந்த நேரத்தில் லோ பக்கம், அதாவது காயிலிலிருந்து கம்ப்ரஸர் வரையிலான குறைந்த அழுத்தப் பக்கம், வேக்கம் (வெற்றிடம்) வரை இறங்குவதைப் பார்க்கலாம். மற்றொன்று, என்ஜின் பெல்ட்டில் சுற்றும் புல்லியோடு கம்ப்ரஸரைக் காந்தத்தால் இணைக்கும் மேக்னெட் கிளட்ச். தட்டுக்கும் புல்லிக்கும் இடையே 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இடைவெளிதான் வழக்கம். தேய்மானத்தால் அது அதிகரித்தால், கிளட்சின் மின்காந்தக் காயில் சூடேறி ரெசிஸ்டன்ஸ் கூடும்போது காந்த இழுப்பு போதாமல் கிளட்ச் விட்டுவிடும். என்ஜின் ஆறியதும் மறுபடி பிடிக்கும். பல கிளட்சுகளில் உள்ளே இருக்கும் ஷிம் (மெல்லிய வாஷர்) ஒன்றை எடுத்தால் வேலை முடிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டு அளக்காமலே "கம்ப்ரஸர் போச்சு" என்று முழு கம்ப்ரஸருக்கு விலை சொல்வது என்னைப் பொறுத்தவரை பெரிய அநியாயம்.

ஒரு பக்க வென்ட் ஜில்லென்றும் மறுபக்கம் சுமாராகவும் வந்தால்? இரு பக்கத்துக்கும் தனித்தனி டெம்பரேச்சர் வைக்கும் காரில் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவை அசைக்கும் பிளெண்ட் டோர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். டேஷ்போர்டுக்குள் டிக் டிக் சத்தம் வந்தால் அநேகமாக அதுதான். ஒரே கன்ட்ரோல் உள்ள சின்ன காரில் இது உண்மையிலேயே கேஸ் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். இருக்கிற கொஞ்சத் திரவம் காயிலின் முதல் பகுதியிலேயே ஆவியாகி, மறுகோடி வறண்டு நிற்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடுதான் பயணிக்கிறது. கேஸ் குறைந்தால் ஆயிலும் சரியாகத் திரும்பி வராது.

அடுத்தது கேஜ். என்ஜினை நிறுத்தி வைத்து கேஜ் மாட்டி "பாருங்க, பிரஷர் இருக்கு" என்றோ "இல்லை" என்றோ சொல்வதை நம்பி கேஸின் அளவை முடிவு செய்ய முடியாது. 30 டிகிரியில் ஆர்134ஏவின் அழுத்தம் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114. உள்ளே ஒரு கரண்டி திரவம் மிச்சம் இருந்தாலும் சரி, முழு அளவு இருந்தாலும் சரி, கேஜ் அதையேதான் காட்டும். ஓடும்போது லோ பக்கம், ஹை பக்கம் (கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் பக்கம்) இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் போதவில்லை. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிவிட்டது, அல்லது கண்டென்ஸர் ஆறவில்லை. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் நின்றால்தான் கம்ப்ரஸர் பக்கம் போக வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு தெர்மாமீட்டர் போதும். நிழலில் நிறுத்தி, கதவை மூடி, உள்காற்றுச் சுழற்சியைப் போட்டு, புளோயரை நடு வேகத்தில் வைத்து, 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது நடு வென்ட்டில் 6 முதல் 12 டிகிரி வந்தால் ஏசியில் குறையில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் புழுக்கம் அதிகமான நாளில் ஓரிரு டிகிரி கூடவே காட்டும். காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கவே ஏசியின் சக்தியில் நல்ல பங்கு செலவாகிறது. அந்த நீர்தான் வண்டிக்கு அடியில் சொட்டுவது. சொட்டாமல் முன்சீட்டுக் கால்மிதி ஈரமானால் ட்ரெயின் குழாய் அடைத்திருக்கிறது.

கேஸ் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இணைப்புகளிலும் கண்டென்ஸர் ஓரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கறை தெரிந்தால் அங்கேதான் கசியும். தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை போட்டுப் பார்ப்பார்கள். கசிவை அடைத்த பின் குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் பம்ப் ஓட வேண்டும்; குழாய்க்குள் இருக்கும் ஈரம் அந்தக் குறைந்த அழுத்தத்தில்தான் கொதித்து வெளியேறும். பம்ப்பை நிறுத்திய பின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பார்க்க வேண்டும். பிறகு பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதைத் தராசில் வைத்தே ஏற்ற வேண்டும். சின்ன கார்களுக்கு இது பெரும்பாலும் 500 கிராமுக்குள்தான் இருக்கும். 100 கிராம் கூடினாலே வித்தியாசம் தெரியும். பாகம் எதையாவது மாற்றினால் அதற்குரிய பேக் (PAG) எனப்படும் கம்ப்ரஸர் ஆயிலையும் அளந்து ஊற்ற வேண்டும். கசிவடைப்பான் கலந்த டப்பாக்களை உள்ளே விடவே விடாதீர்கள்; அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் கடையின் மெஷினையும் சேர்த்து அடைக்கும். வேக்கம் எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை கிராம் ஏறியது என்ற இரண்டு எண்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.