கிராஃப் தாளில் செக்ரடேரியட்

மூன்று வாரமாக மாலை வேளைகளில் செய்து வந்த சார்ட் நேற்று ஒருவழியாக முடிந்தது. செக்ரடேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் ஓட்டத்தையும் வம்சத்தையும் கையால் வரைந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1970இல் விர்ஜீனியாவில் பிறந்த செம்பழுப்புக் குதிரை. ஓடிய 21 பந்தயங்களில் 16 வெற்றி.

அமெரிக்காவில் மூன்று கிரீடப் பந்தயங்கள் என்று சொல்லப்படும் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றில் டெர்பியை முதலில் எடுத்தேன். 1973, ஒன்றேகால் மைல், ஜாக்கி ரான் டர்கோட். ஒவ்வொரு கால் மைலுக்கும் எடுத்த நேரம் 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. அந்தக் காலத்தில் விநாடியை ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள், நான் தசமத்துக்கு மாற்றிக்கொண்டேன். விநாடிக்கு அரை சென்டிமீட்டர் என்று கட்டம் வரைந்தால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே உயரம், எதுவும் புலப்படவில்லை. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, அடிக்கோட்டை 22 விநாடியில் வைத்து, விநாடிக்கு 5 செ.மீ. என்று மறுபடி போட்டேன். இப்போது 16, 10, 9, 7, 5 செ.மீ. என்று படி இறங்குகிறது. மற்ற குதிரைகள் களைத்துப்போகும் கடைசிக் கால் மைலில்தான் இது மிக வேகமாக ஓடியிருக்கிறது! ஐந்தாவது கட்டத்துக்கு வண்ணம் தீட்டும்போது மெய்சிலிர்த்தது. மொத்தம் 1 நிமிடம் 59.4 விநாடி. இன்றுவரை அதுதான் டெர்பி சாதனை.

அப்புறம் பெல்மான்ட், 1973 ஜூன் 9. ஒன்றரை மைல், ஆறு கட்டங்கள்: 8, 3, 8, 12, 14, 15. டெர்பிக்கு நேர்மாறாகப் படி ஏறுகிறதே, தப்பாகக் குறித்துவிட்டேனோ என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 144 விநாடி, அதாவது 2 நிமிடம் 24 விநாடி, சரிதான். டெர்பியில் பின்னாலிருந்து ஏறி வந்த குதிரை, இங்கே தொடக்கத்திலேயே ஷாம் என்ற குதிரையோடு போட்டிபோட்டுப் பறந்திருக்கிறது. அந்த 3 செ.மீ. கட்டம்தான் ஷாமை முறித்தது. ஐந்து குதிரைகளில் ஷாம் கடைசி. செக்ரடேரியட்டின் வேகமும் பிற்பகுதியில் குறைந்துதான் வந்தது. ஆனாலும் 31 குதிரை நீள இடைவெளியில் வெற்றி.

அந்த 31ஐக் காட்டத் தனியாக ஒரு பட்டை செய்தேன். குதிரைக்கு 2 செ.மீ. அட்டை உருவம் என்றால் இடைவெளி மட்டும் 62 செ.மீ. ஒரு தாளில் அடங்காமல் இரண்டை ஒட்ட வேண்டியிருந்தது. நடுவில் முழுக்க வெறும் வெள்ளைத் தாள். அதைச் சுருக்க மனம் வரவில்லை.

வம்சப் பகுதியில்தான் சறுக்கினேன். ஆண் வாரிசுகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு, மகள்களுக்கு ஓரத்தில் இரண்டு விரல்கடை ஒதுக்கியிருந்தேன். மகன்களில் ரைசன் ஸ்டார் 1988இல் ப்ரீக்னெஸ், பெல்மான்ட் இரண்டையும் வென்றது. ஆனால் வம்சம் பெருகியது மகள்கள் வழியாக. டெர்லிங்குவாவின் மகன் ஸ்டார்ம் கேட், வீக்கெண்ட் சர்ப்ரைஸின் மகன் ஏ.பி. இண்டி, சீக்ரெட்டேமின் மகன் கான் வெஸ்ட் என மூன்றுமே பேர்பெற்ற பொலிகுதிரைகள். ஓரம் நிரம்பி வழிந்தது. கடைசியில் வலப்பக்கம் இன்னொரு தாள் ஒட்டினேன்.

1989இல் குளம்பு அழற்சியால் இறந்தபோது, இதயம் ஏறத்தாழ 10 கிலோ இருக்கும் என்று பரிசோதித்த மருத்துவர் மதிப்பிட்டார். தராசில் வைத்துப் பார்த்த எடை அல்ல என்பதால் அதைச் சார்ட்டில் சேர்க்கவில்லை.

ஒட்டிய தாளின் மூலையில் 2015இல் மூன்று கிரீடப் பந்தயங்களையும் வென்ற அமெரிக்கன் ஃபேரோவுக்கு ஒரு கட்டம் போட்டேன். அதன் தாயிலிருந்து பின்னோக்கிப் பென்சிலை நகர்த்தினால் யாங்கி ஜென்டில்மேன், ஸ்டார்ம் கேட், டெர்லிங்குவா. அங்கிருந்து இன்னும் ஒரு கோடு, செக்ரடேரியட்டிடம் போய் நிற்கிறது.