ஜிஞ்சர் பியர் பீப்பாவும் அடங்காத நுரையும்

பீப்பாவில் இருந்து ஊற்றும் ஜிஞ்சர் பியர் கிளாஸில் முக்கால்வாசி நுரையாக விழுந்தால், எல்லாருக்கும் முதலில் கை போவது, சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குத்தான். கல்லடியில் எங்கள் வீட்டிலும் மருமகன் அதைத்தான் சொன்னான்: "காஸைக் குறைங்க மாமா, மறுகா சரியா வரும்." 20 பி.எஸ்.ஐ.யில் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்ததை 10க்கு இறக்கிப் பார்த்தோம். நுரை கூடியதே தவிரக் குறையவில்லை.

பிரிட்ஜ் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பீப்பாவில் இருந்து கதவில் உள்ள பைப்புக்குப் பானம் வரும் டியூப்பின் கீழ்ச் சுற்றுகளில் பானம் தெளிவாக நின்றது. மேல் வளைவில் மட்டும் விரல் நீளத்துக்குக் காற்று. 20இல் வாயு ஏறிய பானத்தின் மேல் 10தான் அழுத்தம் என்றால், கரைந்திருந்த வாயு வழியிலேயே பிரிந்துவிடும். பைப்பைத் திறந்ததும் அந்தக் காற்று முந்திக்கொண்டு வந்து, பின்னால் வரும் பானத்தையும் கலக்கி நுரையாக்குகிறது. அழுத்தத்தைப் பழையபடி 20க்கு ஏற்றிவிட்டு, வாயு பிரிவதற்கு மற்றக் காரணமான சூட்டைத் தேடத் தொடங்கினேன்.

எங்களிடம் இருப்பது பழைய பிரிட்ஜ். கதவில் துளை போட்டுப் பூட்டிய பைப். உள்ளே 19 லீற்றர் பீப்பா. குளிர்பானக் கம்பனிகள் ஒரு காலத்தில் சிரப் ஏற்றி அனுப்பிய அதே வகை. இஞ்சி, தேசிக்காய், சீனி காய்ச்சி ஆறவைத்து ஊற்றி, சிலிண்டரில் இருந்து வாயு ஏற்றுகிறோம். நொதிக்க விடுவதில்லை.

கீழ்த்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர், மேல்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, இரவு முழுக்க விட்டு வெப்பமானியால் பார்த்தேன். கீழே 3 பாகை, மேலே 9. பீப்பா குளிரில் நிற்க, டியூப் சூட்டில் சுருண்டு கிடந்திருக்கிறது. 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 3 பாகையில் உள்ள பானம் தன் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வாயுவைப் பிடித்து வைக்கும். 10 பாகையில் இரண்டு மடங்குதான். மட்டக்களப்புச் சூட்டில் கதவுக்கு வெளியே நிற்கும் பைப்பின் கதையைச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். பழைய கம்பியூட்டர் விசிறி ஒன்றைக் கீழே பூட்டி, ஒரு குழாய் வழியாகக் குளிர்காற்றைப் பைப்பின் பின்புறத்துக்கு ஏற்றினேன். டியூப்பையும் பீப்பாவின் தலையிலேயே சுற்றி வைத்தேன். மேல் வளைவில் காற்றுச் சேர்வது அதோடு நின்றது.

பாதி நுரை அப்படியே அடங்கியது. மீதிக்குக் காரணம் டியூப்பின் நீளம் போதாதது; நீள டியூப்பில் ஓடி வரும்போதுதான் அழுத்தம் அடங்கும். பியருக்கென்று விற்கும் செட்டில் இரண்டு மீற்றர் அளவுக்குத்தான் டியூப் வரும். அது 12 பி.எஸ்.ஐ.க்கே மட்டுமட்டு, சோடா மாதிரி வாயு கூடிய பானத்துக்கு எந்த வகையிலும் காணாது. உள்விட்டம் 5 மில்லிமீற்றர் டியூப் என்றால் ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஓர் அடி என்று கணக்கு வைப்பது நல்லது. 20 அடி, அதாவது ஆறு மீற்றர் போட்ட பிறகுதான் பானம் சீறாமல், நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

இதில் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து இரண்டாவது நன்றாக வந்தால் பைப் சூடு. எல்லாக் கிளாஸும் ஒரேமாதிரி நுரைத்தால் டியூப் கட்டை, அல்லது வாயு கூடிவிட்டது. பீப்பாவின் வாயிலேயே குமிழ் தெரிந்தால், உள்ளே இறங்கும் குழாயின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் மேலே நிற்கும் வாயு பானத்தோடு கலந்து வரும். பைப்பையும் அரைகுறையாகத் திறக்கக் கூடாது. ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்து, கிளாஸைச் சரித்துப் பிடிக்க வேண்டும்.

ஜிஞ்சர் பியருக்கென்றே ஒரு தொல்லை இஞ்சித் தும்பு. வாயு பிரிவதற்குச் சின்னத் துணிக்கை ஒன்று போதும். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடித்து, ஓர் இரவு பிரிட்ஜில் தெளியவிட்டு, அடிமண்டி கலங்காமல் மேலாக ஊற்றுகிறோம். அரித்தட்டில் மட்டும் வடித்ததையும் இப்படி வடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நுரையின் உயரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது நன்னாரி. அதற்கு வேறு டியூப் வாங்கியாயிற்று. இஞ்சி ஓடிய டியூப்பை எத்தனை தரம் கழுவினாலும் மணம் போகாது.