பிளம்பர் செய்முறை மதிப்பீடு: பைப்பை வெட்டுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

பிளம்பர் பாடநெறி முடித்து என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்ட மதிப்பீட்டுக்குப் போக இருக்கிற தம்பி தங்கைமாருக்கும், மட்டக்களப்புப் பக்கம் இந்தப் பாடத்தைப் புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கிற போதனாசிரியர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். நானும் அதே தகைமையை எடுத்து, கொஞ்சக் காலம் வீட்டு வேலைகளும் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைகளும் செய்துவிட்டு, இப்போது செய்முறை வகுப்பு எடுக்கிறவன். எழுத்துப் பகுதிக்குக் கொப்பியைப் புரட்டினால் போதும், அதைப் பற்றி இங்கே பேசவில்லை. பெடியன்கள் மாட்டிக்கொள்வது செய்முறையில், அதுவும் எல்லாரும் பயப்படுகிற ஒட்டுகிற இடத்தில் இல்லை, அதற்கு முந்தின அளக்கிற இடத்தில்.

ஒட்டுவது சீக்கிரம் பழகிவிடும். பைப்பை நேராக வெட்டி, உள்ளும் வெளியும் இருக்கிற பிசிறை எடுத்து, துடைத்து, எமரிப் பேப்பரால் லேசாக உரசி, பைப்பிலும் அது நுழைகிற சொக்கெட்டுக்குள்ளும் பசையை மெல்லிசாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பித் தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருந்தால் வேலை முடிந்தது. பசையை அள்ளிப் பூசினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஞ்சினது உள்ளே வழிந்து பைப்பை இளக்கும், அரை இஞ்சிப் பைப்பில் பாதையையே சுருக்கிவிடும். புரி மூட்டு ஒழுகாமல் சுற்றுகிற த்ரெட் டேப்பும் அப்படித்தான், த்ரெட்டின் (புரியின்) வாயை நம் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாகச் சுற்ற வேண்டும், மாறிச் சுற்றினால் இறுக்கும்போதே உரிந்து வெளியே வந்துவிடும். இதெல்லாம் ஓரிரு கிழமையில் கைக்கு வந்துவிடுகிறது.

அளவுக்கு வருவோம். வரைபடத்தில் இரண்டு எல்போவுக்கு (பைப்பைத் திருப்புகிற வளைவு மூட்டுக்கு) நடுவே 600 மி.மீ. என்று போட்டிருந்தால், அது ஒரு எல்போவின் மையத்திலிருந்து மற்ற எல்போவின் மையம் வரைக்கும் உள்ள தூரம். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் டேப்பை இழுத்து 600க்கே வெட்டிவிடுவார்கள். ஆனால் பைப் மையம் வரைக்கும் போகாது, சொக்கெட்டுக்குள்ளே இருக்கிற படியில் முட்டி நின்றுவிடும். அந்தப் படியிலிருந்து மையம் வரைக்கும் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 24 கழிய வேண்டும், வெட்ட வேண்டியது 576. இந்த 12 எல்லாக் கொம்பனிச் சாமானுக்கும் ஒன்றில்லை, அதனால் மனப்பாடம் பண்ணாமல் கையில் தந்த எல்போவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். மதிப்பீட்டில் பைப் கணக்காகத்தான் தருவார்கள், பிழையாக வெட்டினால் இரண்டு துண்டை இணைக்கிற சொக்கெட் மூட்டு வைத்து ஒட்டுப் போட வேண்டிவரும், அது பார்க்கிறவர் கண்ணில் உடனே படும்.

அப்புறம் இந்த மில்லிமீற்றர், இஞ்சிச் சண்டை. வரைபடம் முழுக்க மி.மீ., ஹார்ட்வெயார் கடையில் கேட்பதெல்லாம் அரை இஞ்சி, முக்கால் இஞ்சி, மேசன் பாஸ் பேசுவது அடியில். பி.வி.சி. பைப்பில் 20 மி.மீ. என்றால் வெளி விட்டம், அதைத்தான் கடையில் அரை இஞ்சி என்பார்கள், 25 முக்கால், 32 ஒரு இஞ்சி, 63 இரண்டு, 110 நாலு இஞ்சி. ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்பில் அதே அரை இஞ்சியை 15 மி.மீ. என்று எழுதுவார்கள், அது உள்விட்டத்தை வைத்துச் சொல்கிற பெயரளவு, வெளியே அளந்தால் 21 சொச்சம் வரும். சாமான் பட்டியல் எழுதச் சொன்னால் 15 வால்வ் ஒன்றும் 20 பைப் ஒன்றும் எழுதிவிட்டு, சேருமா சேராதா என்று முழிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன். சேரும், நடுவே ஒரு பக்கம் புரியும் மறுபக்கம் ஒட்டுகிற வாயும் உள்ள வால்வ் சொக்கெட் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

படிப்பிக்கிறவர்களுக்கு ஒன்று. 2022க்குப் பிறகு பைப்பும் ஃபிட்டிங்கும் விலை ஏறின ஏற்றத்தில் பல இடங்களில் பிள்ளைகளுக்கு வெட்டிப் பழகப் பைப்பே கிடைப்பதில்லை, ஒருவர் வெட்ட மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். சுற்றி நின்று பார்த்துப் பழக இது என்ன கூத்தா? நான் செய்கிறது இதுதான்: முதலில் பைப்பும் எல்போவும் கோத்துச் செய்கிற பெரிய சட்டம் (பிரேம்) ஒன்றுக்கு அளந்து வெட்டி, ஒட்டாமல் கோத்து மட்டும் பார்ப்போம். ஒட்டாமல் கோத்தால் பைப் முழுசாக உள்ளே போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பசை பூசினால்தான் அது வழுக்கிக்கொண்டு படி வரைக்கும் போகும். அதனால் சொக்கெட் ஆழத்தைப் பைப்பில் மார்க்கர் பேனையால் கோடு போட்டு வைத்து, கோட்டுக்கும் சொக்கெட் வாய்க்கும் உள்ள இடைவெளியைக் கழித்துத்தான் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். அடுத்த கிழமை அதே துண்டுகளிலிருந்து அதைவிடச் சின்னச் சட்டம், அதற்கடுத்து இன்னும் சின்னது. கடைசியில் கையளவுத் துண்டுகளாக வந்ததும்தான் ஒட்டிப் பழகக் கொடுப்பேன். ஒரே பைப் கனகாலம் ஓடும். பழைய வீடுகள் உடைக்கிற இடத்தில் கழற்றின ஒழுகுகிற மூட்டுகளையும் கேட்டு வாங்கி வந்து நீளவாக்கில் அறுத்துக் காட்டுங்கள், பசை எங்கே படவில்லை, பைப் எவ்வளவு குறையாக நின்றது என்பது அதிலே அப்படியே தெரியும்.

மதிப்பீட்டாளர் கடைசிச் சட்டத்தை மட்டும் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். அவர் கையிலிருக்கிற பட்டியலில் பாதுகாப்பு, சாமான் தெரிவு, குறித்தல், வெட்டல், பொருத்தல், சோதித்தல், இடத்தைத் துப்புரவாக்கல் என்று ஒவ்வொன்றும் வரும். முடிவில் புள்ளி கிடையாது, தேர்ச்சி அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான். வேலை அருமையாகச் செய்துவிட்டு அமுக்கச் சோதனையில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். தண்ணீரைக் கீழ்ப்பக்கத்தால் விட்டு, ஆக உயரத்தில் இருக்கிற டப்பைத் திறந்து காற்று முழுக்கப் போன பிறகுதான் கைப்பம்பால் ஏற்ற வேண்டும். உள்ளே காற்று நின்றால் எவ்வளவு அடித்தாலும் முள் மெல்லத்தான் ஏறும், நின்ற இடத்திலும் நிற்காது, ஒழுகாத மூட்டையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வேலை செய்யும் அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. தண்ணீருக்குப் பதிலாகக் கொம்பிரசர் காற்றை விட்டுச் சோதிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார், பி.வி.சி.யில் அதைச் செய்யவே கூடாது, வெடித்தால் துண்டு துண்டாகப் பறக்கும். ஒட்டின மூட்டுக்கு 24 மணித்தியாலம் கொடுக்காமல் முழு அமுக்கம் ஏற்றவும் வேண்டாம், மதிப்பீட்டில் அவ்வளவு நேரம் இராது, ஆனால் கேட்டால் அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வாய்மொழிக் கேள்விகளில் அதிகம் வருவது தண்ணீர்த் தாங்கியின் உயரம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அமுக்கம், அப்படியென்றால் 4 மீற்றரில் வைத்த தாங்கி 0.4 பார்தான் தரும். ஷவர் மெல்லமாக வருகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் பெரிய பைப் போட்டால் சரி என்று உடனே பதில் சொல்லாதீர்கள். பெரிய பைப் உரசலில் போகிற இழப்பைக் குறைக்கும், உயரம் தருகிற அமுக்கத்தைக் கூட்டாது. பம்பைப் பற்றிக் கேட்டால் உறிஞ்சல் உயரம் 7 மீற்றருக்கு மேல் போனால் சாதாரண மேற்பரப்பு பம்பு திணறும் என்பதும், உறிஞ்சுகிற பைப்பின் அடியில் இருக்கிற ஃபூட் வால்வ் ஒழுகினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித் தொடக்க வேண்டிவரும் என்பதும் போதும்.

கழிவு வேலையில் சாய்வுக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பழகுங்கள். 110 பைப்புக்கு 40க்கு 1 என்றால் 4 மீற்றர் ஓடுகிற பைப் 100 மி.மீ. இறங்க வேண்டும். அதை நீர்மட்டப் பலகையால் மட்டும் பார்க்காமல் தண்ணீர் நிரப்பின, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயால் பிடிக்கத் தெரிந்திருந்தால் மதிப்பு கூடும், குழாய்க்குள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கென்று சில விடயம் இருக்கிறது, பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற மணல், மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்துவிடும், சின்ன வளவு, கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 50 அடி என்று எழுதிவிடுவது லேசு, நாலு பேர்ச் காணியில் அதை எங்கே தேடுவது? அடைத்த தாங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து பார்ப்பது, குழியின் அடியை உயர்த்துவது என்று பேசத் தெரிந்தவரை மதிப்பீட்டாளர் கவனிப்பார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பைப்பில் வந்த பிறகு நிறைய வீட்டில் நீர்வழங்கல் சபைத் தண்ணீரும் கிணற்றுப் பம்பும் இரண்டும் இருக்கிறது, ஒரு டீ மூட்டைப் போட்டு நடுவே வால்வ் வைத்து இரண்டையும் இணைத்துவிடுங்கள் தம்பி என்று கேட்பார்கள். செய்யவே கூடாது, வால்வ் ஒருநாள் கசிந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊர் பைப்புக்குள் போகும். தாங்கிக்குள்ளே இரண்டையும் தனித்தனியாக, வழிவு பைப்பின் மட்டத்துக்கு மேலே விழ விடுவதுதான் வழி. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் குழாய்க் கிணற்றில் இரும்புக் கறை வருகிற வீடுகளில் டப், ஷவர் எல்லாம் அடைக்கும், கழற்றித் துப்புரவாக்க யூனியன் (கழற்றிப் பூட்டுகிற மூட்டு) வைத்திருந்தால்தான் லேசு. கடற்கரை வீடுகளில் இரும்புக் கிளிப்பும் ஜி.ஐ. நிப்பிளும் உப்புக்காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும், அங்கே பித்தளையோ பிளாஸ்டிக்கோ.

ஹோட்டல் பக்கமோ கட்டாரோ போகிற யோசனை இருந்தால் பி.பி.ஆர். (சூடாக்கி ஒட்டுகிற பிளாஸ்டிக் பைப்) ஒட்டுவதையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். 260 பாகை செல்சியஸ் சூடு, 20 பைப்புக்கு 5 செக்கன், 25க்கு 7, சூட்டிலிருந்து எடுத்ததும் திருப்பாமல் நேரே தள்ள வேண்டும். பி.வி.சி.யில் கால் சுற்றுத் திருப்பிப் பழகின கை இங்கேயும் திருப்பப் பார்க்கும்.

தொழிலிடப் பயிற்சியின் நாட்குறிப்பைக் கடைசிக் கிழமையில் உட்கார்ந்து ஒரேயடியாக எழுதாதீர்கள். ஒரே பேனை, ஒரே மை, ஒரே கையெழுத்தில் ஆறு மாதம் என்றால் யாருக்கும் தெரியும். அன்றன்றைக்கு இரண்டு வரி, ஒரு சின்னப் படம், மேற்பார்வையாளரின் கையெழுத்து. ஏதாவது ஓர் அலகில் இன்னும் தேர்ச்சி இல்லை என்று வந்தால் அந்த அலகை மட்டும் மறுபடி செய்து காட்ட வாய்ப்பு உண்டு, முழுப் பாடநெறியையும் விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். வீட்டில் அப்பாவோ மாமாவோ கனகாலம் பிளம்பிங் வேலை செய்து சான்றிதழ் இல்லாமல் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் வகுப்புக்கு வராமலே அவர்கள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், செய்த வேலைகளின் படங்களும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களும் இப்போதே சேர்க்கத் தொடங்கச் சொல்லுங்கள்.