கிடங்கில் ஒரு நடனம்: ஒத்திகை நாட்குறிப்பு

பிப்ரவரி 3

இன்று யாரும் ஆடவில்லை. பயன்பாட்டில் இல்லாத அந்தக் கிடங்கில் நானும் ஆறு நடனக் கலைஞர்களும் மூன்று மணி நேரம் நடந்தும், உட்கார்ந்தும், தூண்களில் சாய்ந்தும் இடத்தைப் பழகிக்கொண்டோம். மேடைக்காக முன்பே அமைத்த நடனத்தை இங்கே கொண்டுவந்து இறக்கினால் கிடங்கு வெறும் பின்திரையாகிவிடும். அது எனக்குச் சம்மதமில்லை.

பிப்ரவரி 6

எதிர்ச்சுவர் ஏறத்தாழ 34 மீட்டர் தொலைவில் இருப்பதால், கைதட்டினால் அந்த ஒலி சுவர்வரை சென்று திரும்ப 0.2 நொடி ஆகிறது. பதிவுசெய்த இசையை ஒலிக்கவிட்டபோது, ஒவ்வொரு தட்டின் மீதும் முந்தைய தட்டின் எதிரொலி வந்து விழுந்து தாளமே குழம்பியது. ஆனால் ஒருவர் மட்டும் பாதத்தைத் தரையில் தட்டிவிட்டு அசையாமல் நின்றபோது, கிடங்கு முழுவதும் அவருடன் சேர்ந்து மூச்சடக்கியதைப் போலிருந்தது. இசையைக் கைவிட்டேன். ஒலி முழுதாக அடங்கிய பிறகே அடுத்த அடி எடுக்க வேண்டும் என்பது முதல் பகுதியின் விதியாயிற்று.

பிப்ரவரி 7

நேற்று குதித்துப் பயின்ற ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. நடனத்திற்கென அமைக்கும் மரத்தளம் சற்றே அமிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சிமென்ட் தரை அதை அப்படியே காலுக்குத் திருப்பிவிடும். இதை முதல் நாளிலேயே யோசித்திருக்க வேண்டியவள் நான். தாவல்கள் அனைத்தையும் நீக்கிவிட்டேன்.

பிப்ரவரி 12

பார்வையாளர்களை எங்கே நிறுத்துவது? 1964இல் நியூயார்க்கில் நடனக் கலைஞர் லூசிண்டா சைல்ட்ஸ் தன் பார்வையாளர்களை மாடி ஜன்னலருகே நிறுத்தி, கீழே தெருவில் நடப்பவர்களிடையே நடனத்தை நிகழ்த்தினார். முன்பே பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று தெருவின் நுணுக்கங்களை அவர்களுக்கு விவரித்தது. எங்கு நின்று பார்க்கிறோம் என்பதும் நடன அமைப்பின் பகுதிதான் என்பதை எனக்கு உணர்த்தியது அந்த நிகழ்வு. இங்கே மேலே ஒரு குறுகிய நடைபாதை இருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் உறுதியைப் பொறியாளர் சோதித்த பின்னரே அதில் ஆட்களை ஏற்றுவேன்.

பிப்ரவரி 15

மேற்கு ஜன்னலின் வெயில் நான்கு மணிக்கு மூன்றாம் தூணில் விழுகிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், அரை மணி தாமதித்தாலும் கடைசிக் காட்சி இருளில் போய்விடும். ஆகவே தொடங்கும் நேரத்தை வெயிலே முடிவுசெய்யட்டும். வெளிச்சத்தின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்திருக்கிறேன்; நிகழ்ச்சி நாள்வரை அது எவ்வளவு விலகுகிறது என்று தினமும் அளக்க வேண்டும்.