முதல் வேலையில் படிந்த பழக்கங்கள்

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன அக்கவுண்ட்ஸ் ஆபீஸில்தான் என் முதல் வேலை. சீனியராக இருந்த திருநெல்வேலி அக்கா பழக்கிவிட்டவை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஃபைல் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்றுதான் எழுதச் சொல்வார்: 2024-03-31. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-உம் இதே வரிசைதான். பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசை தானாக வந்துவிடும். நாளில் தொடங்கினால் ஜனவரி 31, மார்ச் 31, மே 31 எல்லாம் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்ற பெயர்களைப் பார்த்தாலே அக்காவுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்.

டீ குடிக்க எழுந்தால்கூட விண்டோஸ் பட்டனையும் எல்-ஐயும் சேர்த்துத் தட்டி, ஸ்கிரீன் பூட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். “அடுத்தவங்க சம்பளக் கணக்கு தம்பி, திறந்து போட்டுட்டுப் போகலாமா?” என்பார்.

அப்புறம் பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிராஷில் 30 நாள்தான் இருக்கும். வீட்டுப் போட்டோக்களையாவது இந்த வாரமே ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வையுங்கள், ப்ளீஸ்.