காலராவில் நிற்காத சமிக்ஞை

இரண்டாம் தூதுவர், அதாவது வெளியே வந்த தகவலைச் செல்லுக்குள் கொண்டுபோகும் சிறு மூலக்கூறு, பற்றிப் படிக்கும்போது நம் கவனமெல்லாம் சமிக்ஞை எப்படித் தொடங்குகிறது என்பதிலேயே போய்விடுகிறது. எப்படி நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். காலரா வந்தவருக்குக் கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறுவது, இந்த நிறுத்தம் நடக்காமல் போவதால்தான்.

ஹார்மோன் பெரும்பாலும் செல்லுக்குள் போவதில்லை. வெளிச்சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே தகவலைக் கொண்டுபோவது வேறொரு சிறு மூலக்கூறு. 1950களில் அமெரிக்க ஆய்வாளர் ஏர்ல் சதர்லாந்து இதைக் கல்லீரலில் கண்டுபிடித்த விதம் அழகானது. அரைத்த கல்லீரலில் அட்ரினலின் சேர்த்தால், கிளைகோஜனை உடைக்கும் நொதி முடுக்கம் பெற்றது. சவ்வுத் துணுக்குகளைச் சுழற்றிப் பிரித்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் துணுக்குகளோடு மட்டும் ஹார்மோனைச் சேர்த்து, பிறகு சூடாக்கி, கிடைத்த தெளிநீரை மீதியில் விட்டபோது நொதி மறுபடி முடுக்கம் பெற்றது. புரதமாக இருந்தால் அந்தச் சூட்டில் கெட்டிருக்கும். ஆக, அது சூடு தாங்கும் ஒரு சின்ன மூலக்கூறு: சைக்ளிக் ஏஎம்பி. 1971இல் நோபல் பரிசு.

குடல் செல்லிலும் இதே சங்கிலிதான். ஏற்பி தூண்டப்பட்டதும் அருகிலுள்ள ஜி-புரதம் ஜிடிபி (GTP) மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு அடினைலில் சைக்ளேஸ் நொதியை முடுக்கும். அந்த நொதி ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றும். நான்கு சைக்ளிக் ஏஎம்பி சேர்ந்ததும் புரத கைனேஸ் ஏ என்ற நொதியின் தடுப்புப் பகுதிகள் விலகி, வேலை செய்யும் பகுதிகள் இரண்டும் விடுபடும். அவை சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயிலில் பாஸ்பேட்டை ஒட்டித் திறக்கும்.

நிறுத்தம் இரண்டு இடத்தில். ஜி-புரதம் தான் பிடித்த ஜிடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டி ஓய்ந்துவிடும். மிச்சமிருக்கும் சைக்ளிக் ஏஎம்பியை பாஸ்போடைஎஸ்டெரேஸ் என்ற நொதி சிதைத்துவிடும்.

காலரா நச்சு முதல் நிறுத்தத்தைக் கெடுக்கிறது. அதன் ஐந்து பி அலகுகள் குடல் செல் சவ்விலுள்ள ஜிஎம்1 கொழுப்பில் ஒட்டும். உள்ளே போகும் ஏ பகுதி, செல்லிலுள்ள என்ஏடி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஜி-புரதத்தின் ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலத்தில் மாட்டிவிடும். அதன்பின் ஜி-புரதத்தால் ஜிடிபியை வெட்ட முடியாது. சைக்ளிக் ஏஎம்பி உற்பத்தி ஓயாது; பாஸ்போடைஎஸ்டெரேஸ் எவ்வளவு சிதைத்தும் ஈடுகொடுக்க முடியாது. குளோரைடு வெளியே பாய, பின்னாலேயே சோடியமும் நீரும் போகும். அரிசி கழுவிய நீர் போல மலம் போவது இதனால்தான். கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை. செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. காலராக் கிருமி வளர்ந்த திரவத்தில் கிருமியை நீக்கிய வடிநீரே முயல் குடலில் நீரைச் சேர்க்கப் போதும் என்று கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் காட்டினார்.

 

நச்சு தொடாத ஒரு பாதை மிஞ்சுகிறது. எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்தி ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தைச் செல்லுக்குள் இழுக்கும். நீரும் கூடவே வரும். சைக்ளிக் ஏஎம்பி ஏறினாலும் இது வேலை செய்யும். ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) முழுக்க இதை நம்பியே நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு லிட்டருக்கு: குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. குளுக்கோஸும் சோடியமும் தலா 75 மில்லிமோல் வரும். மொத்தச் செறிவு 245 மில்லிஆஸ்மோல்.

வீட்டில் தவறு நடப்பது தண்ணீர் அளவில். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் குடலுக்குள் செறிவு கூடி, உடம்பிலுள்ள நீரையே உள்ளே இழுத்துவிடும். கூடுதல் சர்க்கரை போட்டாலும், குளிர்பானம் கொடுத்தாலும் இதே கதி. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். குடிக்கவே முடியாமல் துவண்டுபோனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே இரத்தக்குழாய் வழியாகத்தான் திரவம் ஏற்ற வேண்டும்.

ஓஆர்எஸ் கொடுத்தும் போக்கு நிற்கவில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது போக்கை நிறுத்தும் மருந்தல்ல, போன நீரை ஈடுசெய்வது. மாட்டிக்கொண்ட ஜி-புரதம் எளிதில் விடுபடாது. ஆனால் குடலின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து, புதியவை அந்த இடத்துக்கு வந்துவிடும். அதுவரை, போகிற அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.