தேதி போடாத கோடுகள்

அலமாரிய ஒழிக்கும்போது பழைய பேப்பருக்கு நடுவுல ஒரு மியூசியம் மடிப்புத்தாள் கெடச்சுது. டெல்லி சாகேத்ல இருக்குற கிரண் நாடார் மியூசியம், ஓவியர் நஸ்ரீன் மொஹமதி கண்காட்சி, 2013.

அன்னைக்கு அப்பாவ கூட்டிட்டு போகவே பெரும்பாடு. மாலுக்கு நான் எதுக்குன்னார், மால் இல்லப்பா மால் கட்டடத்துல இருக்குற மியூசியம், டிக்கெட்டும் கிடையாது ஏசியும் இருக்குன்னதும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு போடற சட்டைய மாட்டிக்கிட்டு கெளம்பிட்டார்.

அப்பா அரசாங்க ஆபீஸ்ல பிளான் வரையற டிராஃப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். ஓவியம்னா அவருக்கு காலண்டர்ல வர்ற லக்ஷ்மிதான். இங்க சுவர் பூரா பென்சில், இங்க்ல கோடு, வெறும் கோடு, மனுஷனும் இல்ல மரமும் இல்ல. அஞ்சு நிமிஷத்துல போலாமான்னு கேப்பார்னு பாத்தா மனுஷன் கண்ணாடிய கழட்டி தொடச்சு மாட்டிக்கிட்டு மூக்கு ஃப்ரேம்ல இடிக்கிற அளவுக்கு குனிஞ்சுட்டார், செக்யூரிட்டி வந்து தள்ளி நிக்க சொல்ற வரைக்கும். "இங்க பாரும்மா, கோடு போகப்போக மெலிசாகுது, ஆனா எங்கயும் விட்டுப்போகல. இது லேசுப்பட்ட கை இல்ல."

நஸ்ரீன் 1937ல கராச்சில பொறந்தவங்க, பரோடால டீச்சரா இருந்தாங்க, கை கால் கட்டுப்பாட்ட மெல்ல மெல்ல எடுத்துடற நரம்பு நோய் வந்து 1990ல போயிட்டாங்க. அந்த நோயோடயும் இப்படி கோடு போட்டாங்கன்னு சொன்னேன். அப்பா தன் கைய ஒரு தடவ பாத்துக்கிட்டார். "எனக்கு காபி டம்ளரே ஆடுது"ன்னார், அவ்ளோதான்.

அவருக்கு ஒரே குறை, பாதிக்கு மேல படத்துல தலைப்பும் இல்ல தேதியும் இல்ல. (நிஜமாவே அவங்க பெரும்பாலும் போடறதில்ல.) "ஷீட்ல தேதி இல்லாம கொடுத்தா எங்க ஆபீஸ்ல மூஞ்சில விட்டெறிவான்!"

அதுக்கப்புறம் 2014ல ஓவியர் நளினி மலானி, 2016ல சிற்பி ஹிம்மத் ஷா கண்காட்சின்னு அங்க நான் நிறைய போனேன், ஹிம்மத் ஷாவோட சுடுமண் தலைங்க மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது, மத்ததெல்லாம் கலந்துபோச்சு.

நஸ்ரீன் படங்க 2015ல மாட்ரிட் போச்சு, 2016ல நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன் மியூசியத்தோட கிளையா மெட் ப்ராயர் திறந்தப்போ முதல் கண்காட்சிகள்ல அவங்களோடதும் ஒண்ணு. போன்ல அப்பாகிட்ட பெருமையா சொன்னேன்.

"அங்கயாச்சும் தேதி போட்டாங்களா?"